லைட்டு மூச்சு விடுமா?

எதைக் கையில் கொடுத்தாலும் அத்தை முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பாள். தட்டு, செருப்பு, சோப்பு டப்பா, யாராவது ஆசையாகக் கொண்டுவரும் பரிசு, எதுவானாலும் சரி. முன்பக்கத்தைப் பார்ப்பது அதற்கப்புறம்தான். "முன்பக்கம் விக்கறதுக்காக செஞ்சது. அடிப்பக்கத்துக்குத்தான் நடிக்கத் தெரியாது" என்பாள்.

நான் பிறந்தபோது நர்ஸ் என்னை அவள் கையில் கொடுத்ததும் என்னையும் கவிழ்த்துப் பார்த்தாளாம். அம்மா இன்றுவரை அதை விடவில்லை. "எந்தக் கம்பெனி சரக்குன்னு முத்திரை தேடினாங்க உங்க அக்கா" என்று அப்பாவிடம் குத்திக்காட்டுவாள். அத்தை கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அப்பா சொல்லும் காரணமும் இதேதான்: "மாப்பிள்ளையக் கவுத்துப் பாக்க விட மாட்டேன்னுட்டாங்க."

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. சான்றிதழைக் கொண்டுவந்து அத்தையிடம் நீட்டியபோது அதையும் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இங்க ஒண்ணும் இல்லையே" என்றாள்.

கேலியாகச் சொல்லவில்லை. என்ன இருந்திருக்க வேண்டும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வேலை தேடி அலைந்த மாதங்களில் அந்தக் கேள்வி அடிக்கடி வந்து போனது.

அந்த மாதங்களில்தான் அத்தை வேலை செய்த சலவைக் கூடத்தில் எனக்கும் தற்காலிகமாக ஓர் இடம் கிடைத்தது. ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் விரிப்பும் உறையும் துவைத்துத் தருகிற பெரிய கூடம். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து பில் அடித்தேன். அத்தை ஸ்டோர் பொறுப்பு. சோப்புத்தூள், வெளுப்பு மருந்து, பல்பு, போல்ட்டு, துடைப்பம் என்று உள்ளே வருகிற எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் வரும். எல்லாமே ஒரு முறை கவிழும். இஸ்திரிப் பகுதிப் பெண்கள் அவளுக்கு 'தலைகீழ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். "தலைகீழ் வருது, பையை மூடு" என்பார்கள், அவளுக்குக் கேட்கிற மாதிரியே. அத்தையும் விடமாட்டாள். "மூடினாத்தான் எனக்கு ஆசை வரும், தொறந்தே வை."

துவைக்கிற பகுதி எப்போதும் ஆவிக்குள் கிடக்கும். பெரிய எந்திரங்களின் கதவு திறக்கும்போதெல்லாம் வெள்ளையாய் ஒரு மூட்டம் கிளம்பி மேலே போய்க் கூரையில் முட்டி, துளித்துளியாகத் திரும்பி விழும். மேலே மாட்டியிருந்த பழைய குழல் விளக்குகள் பாதி துடித்துக்கொண்டும் பாதி அணைந்தும் இருந்தன. ஒரு நாள் ஈர விரிப்புகளை இழுத்து வண்டியில் போடுகிற அக்கா, வெளிச்சமில்லாத மூலையில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது.

முதலாளி மெதுவாகப் பேசுகிறவர். அதனாலேயே அவர் பேச்சுக்குக் கனம் அதிகம். அத்தையையும் கூடத்தின் ஒயரிங்காரரையும் கூப்பிட்டு என் மேசைக்கு எதிரே நிற்கவைத்துச் சொன்னார்:

"லைட்டை மொத்தமா மாத்துங்க. ஸ்டோரம்மா, வாங்கறது உங்க பொறுப்பு. மாட்டறது உன் பொறுப்பு. திரும்பவும் இருட்டாச்சுன்னா எங்கிட்ட காரணம் சொல்லாதீங்க. வாங்கினவங்க தப்பா மாட்டினவன் தப்பான்னு மட்டும் கேப்பேன். தப்பு யாருதோ அவங்க வெளிய."

ஒயரிங்காரரை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். தோளில் ஏணி இல்லாமல் யாரும் அவரைப் பார்த்ததில்லை. ஒல்லியான மனிதர், முப்பதைத் தாண்டியவர். வேலை செய்யும்போது வாய்க்குள் எதையாவது முனகிக்கொண்டே இருப்பார். பாட்டா கணக்கா என்று தெரியாது. வெளியே வந்ததும் அவர் அத்தையிடம் சொன்னார்:

"அக்கா, ஆமை லைட்டு வாங்குங்க. செவுத்தோட ஒட்டி உக்காருமே, கெட்டியான மூடி, சுத்தி ரப்பர் வளையம் போட்டது. கப்பல்ல எல்லாம் போடுவாங்க. பஸ் நிலையத்துக்குப் பின்னாடி ஒரு கடை இருக்கு, அங்க நல்லதா கெடைக்கும்."

கடைகளில் அதைப் பல்க்ஹெட் லைட் என்பார்கள். வட்டமாகவோ நீள்வட்டமாகவோ தடித்த ஓட்டோடு இருப்பதால் ஒயரிங்காரர்கள் வாயில் ஆமை.

அத்தை தலையாட்டினாள். ஏணி போனதும் என்னிடம் திரும்பினாள்.

"ஆமைன்னு சொன்னது சரி. கடையை ஏன் சொன்னான்?"

"நல்ல கடையா இருக்கும் அத்தை."

"நல்ல கடை ஊர்ல ஒண்ணுதானா? அந்தக் கடைய விட்டுட்டு மத்த எல்லாக் கடைக்கும் போறோம். டிகிரி, நீயும் வா. பெட்டியில இருக்கறதப் படிச்சுச் சொல்ல ஆள் வேணும்."

டிகிரி என்பது நான்.

முதல் கடையில் கடைக்காரர் ஒரு விளக்கை எடுத்து அத்தையின் கையில் வைத்து, "கனத்தைப் பாருங்கம்மா, அத்தனையும் உலோகம்" என்றார். நிஜமாகவே கனமாக இருந்தது. அத்தை கவிழ்த்தாள். கட்டைவிரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினாள். வெள்ளி நிறம் உரிந்து உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் தெரிந்தது.

"உலோகத்துக்குத் தோல் உரியுமா?"

"அது மேல்பூச்சும்மா."

"அப்ப கனம் எங்கிருந்து வருது? திறங்க."

அவர் தயங்கினார். அத்தை தன் பையிலிருந்தே திருப்புளி எடுத்தாள். மூடியைக் கழற்றினால், உள்ளே விளக்குத் தகட்டுக்குப் பின்னால் எந்த வேலையும் இல்லாமல் ஒரு இரும்புத் துண்டு ஒட்டியிருந்தது. எடை காட்டுவதற்கு மட்டும். கடைக்காரர் அதை முதல்முறை பார்ப்பவர் போலப் பார்த்தார். ஒருவேளை முதல்முறையாகத்தான் பார்த்தாரோ என்னவோ. வெளியே வந்து நான் அதைச் சொன்னபோது அத்தை, "தெரியாம விக்கறவன் இன்னும் மோசம். தெரிஞ்சு விக்கறவனாவது எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சு நிறுத்துவான்" என்றாள்.

அடுத்த கடையில் பெட்டியின் மேல் இருந்த 65 என்ற எண்ணைக் காட்டி நான் விளக்கினேன். முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஆறு என்றால் தூசு உள்ளே நுழையாது, ஐந்து என்றால் எந்தப் பக்கம் இருந்து குழாய்த் தண்ணீர் அடித்தாலும் தாங்கும். படித்தது உதவுகிறதே என்று எனக்குக் கொஞ்சம் பெருமை.

"இந்த மார்க்கு யாரு போட்டது?"

"கம்பெனிதான் அத்தை."

"பரிட்சை எழுதினவனே பேப்பரையும் திருத்தினா நீகூடத்தான் முதல் மார்க்கு வாங்கியிருப்ப."

"இல்ல, அதைச் சோதிக்கத் தனியா இடமெல்லாம் இருக்கு."

"அவங்களுக்குச் சம்பளம் யாரு குடுக்கறா?"

எண்ணைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள், அதை எப்போது நம்பலாம் என்று சொல்லித்தரவில்லை. அல்லது சொல்லித்தந்து நான் கவனிக்கவில்லை.

அத்தைக்கு அவளுடைய பரிட்சைகள் இருந்தன. பையில் எப்போதும் ஒரு காந்தம் வைத்திருப்பாள். திருகாணியில் வைத்துப் பார்ப்பாள். ஒட்டினால் சாதா இரும்பு, ஈரத்தில் துருப்பிடிக்கும், துரு வழிந்து சுவர் கறையாகும். ரப்பர் வளையத்தை விரலால் சுற்றித் தடவுவாள். ஒரே துண்டாக வார்த்திருந்தால் விரல் தடங்காமல் போகும். வெட்டி ஒட்டியிருந்தால் ஓர் இடத்தில் தடங்கும், தண்ணீர் அங்கேதான் நுழையும். மாதிரிக்கு வாங்கிவந்த விளக்குகளை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தாள். மூடிகளை வெளுப்பு மருந்து கலந்த வாளியில் ஊறப்போட்டாள். எங்கள் மாடிப்படியின் உச்சியிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே போட்டாள். அம்மா கதவைத் திறந்து, "அண்ணி, வீட்டு ஓனர் வந்தா லைட்டு தற்கொலை பண்ணிக்கிச்சுன்னு சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் தாண்டி ஒரே ஒரு மாதிரிதான் தேறியது. பால்வெள்ளை மூடி, துருப்பிடிக்காத திருகாணி, தடங்காத வளையம். மூடியைத் திறந்து இணைப்புக் கொடுக்க வேண்டியதில்லை. பின்னால் வால்போல ஒரு வயர் நீட்டிக்கொண்டிருக்கும், அதை வெளியே இணைத்தால் போதும். ஆனால் முதலில் கவிழ்த்தபோதே அத்தையின் கண் ஓர் இடத்தில் நின்றிருந்தது; மறுபடி கடைக்குப் போய் அதைக் காட்டினாள். அடிப்பக்க விளிம்பில் பொத்தான் அளவுக்கு ஒரு துளை. அதன் மேல் மெல்லிய வெள்ளைத் தோல் ஒட்டியிருந்தது.

"இது என்ன?"

கடைக்காரர் சாவகாசமாகச் சொன்னார். "அது லைட்டு மூச்சு விடற இடம்மா."

"லைட்டு மூச்சு விடுமா?"

"விடும். அதுவழியாக் காத்து போகும் வரும், தண்ணி போகாது."

"தண்ணி போகாத லைட்டுன்னு விக்கறீங்க. அதுல நீங்களே ஓட்டை போட்டிருக்கீங்க. அத ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சிருக்கீங்க. கேட்டா மூச்சு விடுதுங்கறீங்க. இருமல் ஏதும் வருமா?"

கடையில் நின்ற எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கடைக்காரரும் சிரித்தார். சிரித்துவிட்டதால் அவர் சொன்னது இன்னும் பொய்போல் ஆகிவிட்டது.

ஆனாலும் ஒன்றை வாங்கி எங்கள் மாடிப்படியில், மழை நேராக அடிக்கிற இடத்தில் மாட்டச் சொன்னாள். மாட்ட வந்தது ஏணிதான். விளக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அக்கா, நான் சொன்ன கடையில இருக்கறதும் இதேதான். நல்ல சரக்கு" என்று சொல்லி, துளை கீழே பார்க்கும்படி திருப்பி மாட்டினார். அவர் போனதும் அத்தை சொன்னாள்:

"பாத்தியா, நான் அவன் கடைக்குப் போகல. ஆனா அவன் சரக்குலதான் வந்து நிக்கறேன். இது எப்படி?"

"நல்லதுன்னா எல்லாரும் அதைத்தானே சொல்லுவாங்க அத்தை."

"எல்லாரும் ஒண்ணே சொன்னா எனக்குப் பயமா இருக்கும்."

மழைக்காலம் முழுக்க அந்த விளக்கு படியில் எரிந்தது. மூடிக்குள் ஒரு சொட்டு இல்லை. வேறு வழியில்லாமல் கூடத்துக்கு அதையே வாங்கினாள். பெட்டிகள் ஸ்டோருக்கு வந்த அன்று மதியம் ஏதோ பில் கேட்கப் போனேன். அத்தை தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு விளக்காகத் திறந்து, துளையின் உள்பக்கத்தில் கண்ணாடித் தொட்டிகளுக்குப் பூசுகிற சிலிக்கான் பசையை வழித்துப் பூசி, மறுபடி மூடிக்கொண்டிருந்தாள்.

"வெளிப்பக்கமே பூசலாமே, திறக்க வேண்டாமே" என்றேன்.

"வெளிய பூசினா ஏணி சுரண்டிப் போட்டுடுவான். உள்ள இருந்தா அவனுக்குத் தெரியாது."

"அவர் ஏன் சுரண்டணும்?"

"லைட்டு கெட்டாத்தானே அவனுக்கு வேலை?"

ஏணியைப் பற்றி அவள் சொன்னதை நான் நம்பவில்லை. ஆனால் துளையை அடைப்பது எனக்கும் சரியாகத்தான் பட்டது. தண்ணீர் புகக்கூடாத ஒன்றில் துளை எதற்கு? அந்தக் கேள்வியில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

அத்தைக்கு இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். சின்ன வயதில் யாரோ பெரிதாக ஏமாற்றியிருப்பார்கள் என்று நினைத்து அப்பாவிடம் கேட்டேன். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. அவ ஏமாந்ததே இல்ல. ஏமாந்தா எப்படி இருக்கும்னு தெரியாம பயந்துட்டே இருக்கா" என்றார். அப்பா கூடத்தின் வண்டி ஓட்டுகிறவர். இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டது குறைவு.

விளக்குகள் ஏறின. அன்று கூடமே புதிதாகத் தெரிந்தது. தரையில் சோப்புத் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று தெரிந்தது, சுவரில் எத்தனை வருட அழுக்கு என்று தெரிந்தது. இஸ்திரிப் பகுதியில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் முகத்தைப் பிடித்துத் திருப்பி, "இத்தனை நாளா இந்த மூஞ்சி கூடவா வேலை பாத்தேன். இருட்டே தேவலாம்" என்றாள். மணிக்கட்டு முறிந்த அக்கா கட்டோடு வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு, துவைக்கிற எந்திரங்களுக்கு நேர் மேலே இருந்த விளக்குகளில் காலை நேரங்களில் மூடிக்குள் மூட்டம் படிந்தது. எரிய எரிய மறையும். மறுநாள் காலை இன்னும் அடர்த்தியாக வரும். கொஞ்ச நாளில் மூடியின் அடியில் தண்ணீரே தேங்கி, எந்திரம் அதிரும்போதெல்லாம் அதுவும் ஆடியது. முதல் விளக்கு அணைந்தது, அடுத்தது துடித்தது.

அத்தை அரண்டுபோனாள். ஆனால் அவள் மனம் விளக்கின் பக்கம் போகவே இல்லை. விளக்கைத்தான் அவள் எல்லாப் பரிட்சையும் வைத்துத் தேற்றியிருந்தாளே. துளையையும் அடைத்தாயிற்று. மிச்சம் இருந்தது மனிதன். ஐம்பது தாண்டிய உடம்போடு ஏணியில் ஏறி வயர் இணைப்புகளைப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தன. "இப்ப இறுக்கி வெச்சிருக்கான். நான் பாப்பேன்னு தெரிஞ்சு" என்றாள்.

முதலாளி மறுபடி இருவரையும் கூப்பிட்டார். நான் என் மேசையில்தான் இருந்தேன். மூன்று பேரும் என் முன்னால் நின்றார்கள்.

"ரெண்டுல ஒண்ணு. எது?"

அத்தை முந்திக்கொண்டாள். "லைட்ட வாளித் தண்ணியில போட்டு எடுத்தேன், மழையில மாட்டிப் பாத்தேன். ஒண்ணும் ஆகல. இங்க இவன் கை பட்டதுக்கப்புறம்தான் தண்ணி ஏறுது. வால் வயரை ஜாயின்ட் போட்ட இடத்துல ஈரம் உறிஞ்சி, வயர் வழியா உள்ள போகுது."

இது நடக்கக் கூடியதுதான். அதனால்தான் ஏணியால் உடனே மறுக்க முடியவில்லை.

"அக்கா, நான் நல்லாத்தான் சுத்தினேன். சார், ஒரு லைட்டத் திறந்து பாத்துடலாமே. தண்ணி எந்தப் பக்கமிருந்து வந்திருக்குன்னு தெரிஞ்சுடும்."

அத்தை சட்டென்று, "திறந்தா கடைக்காரன் மாத்தித் தர மாட்டான்" என்றாள்.

அதுவும் உண்மைதான். அவள் ஏற்கெனவே எல்லாவற்றையும் திறந்தவள் என்பதும் உண்மை. அந்த நேரத்தில் அவளுக்கு அது நினைவில் இருந்ததா, நினைவில் இருந்துதான் அப்படிச் சொன்னாளா, எனக்கு இன்னும் தெரியாது. அவள் முகத்தில் பயம் மட்டும்தான் இருந்தது.

முதலாளி ஏணியைப் பார்த்தார். "உன் கைமேல எனக்கும் கொஞ்ச நாளா சந்தேகம்தான்" என்றார். கொஞ்ச நாளாக இல்லை, அந்த நிமிடத்திலிருந்துதான் என்று எனக்குத் தோன்றியது. சந்தேகத்தை யாராவது தொடங்கிவைத்தால், அது முதலிலிருந்தே நம்மிடம் இருந்ததுபோலத்தான் இருக்கிறது.

ஏணி தன் பொருட்களை எடுத்துக்கொண்டார். போகும்போது அத்தையிடம், "வரேன் அக்கா" என்றார். எப்போதும் சொல்கிற மாதிரியே. அத்தைக்கு அது பிடிக்கவில்லை. "ஏன் கோவப்படாம போறான்?" என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேறு ஒயரிங்காரர் வந்தார். இணைப்புகளைப் புதிதாகப் போட்டார். விளக்குகள் தொடர்ந்து தண்ணீர் குடித்தன.

ஒரு மழை நாள். கூடத்துக்கு விடுமுறை. அத்தை கடைக்குப் போய்விட்டு நனைந்துகொண்டு மாடி ஏறினவள், பாதிப் படியில் நின்றுவிட்டாள். படி விளக்கின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மூடிக்குள் பளிச்சென்று காய்ந்திருந்தது. அவள் கூப்பிட்டதும் போனேன்.

"இது ஏணி மாட்டினது."

"ஆமா அத்தை."

"இதே கைதானே."

அண்ணாந்து விளக்கின் அடியிலிருந்த துளையைப் பார்த்தாள். பிறகு, "இதுக்குப் பசை போடல" என்றாள்.

உடனே கூடத்துக்குக் கிளம்பினாள். நான் ஏணிப்படியைப் பிடித்துக்கொண்டேன். பெரிய எந்திரத்துக்கு மேலிருந்த விளக்கின் மூடியை அவள் திறந்ததும் உள்ளே இருந்த தண்ணீர் அவள் முகத்திலேயே கொட்டியது. துடைத்துவிட்டு, பசையை விரலால் உரித்தாள். ஒரு பழத்தோல் மாதிரி முழுசாக வந்தது. அடியில் வெள்ளைத் தோல் கிழியாமல் இருந்தது.

நான் கைபேசியில் தேடிப் படித்துச் சொன்னேன். விளக்கு எரியும்போது உள்ளே காற்று சூடாகி விரியும். அணைத்ததும் குளிர்ந்து சுருங்கும். சுருங்குகிற காற்று வெளியிலிருந்து எதையாவது இழுத்தே தீரும். அந்தத் தோல் வழியாக என்றால் காற்றை மட்டும் இழுக்கும், ஈரமும் அதன் வழியே ஆவியாக வெளியேறும். அதை அடைத்துவிட்டால் ரப்பர் வளையத்தின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டு ஆவியை இழுக்கும். உள்ளே போனது வெளியே வர வழியில்லை. தினமும் அணைக்க அணைக்க, தினமும் கொஞ்சம்.

அத்தை ஏணிப்படியின் மேலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்தக் கடைக்காரன் சொன்னது நெசம்."

"ஆமா."

"நெசத்த அப்படியா சொல்லுவாங்க? மூச்சு விடும்னு?"

அதற்கடுத்த விடுமுறைகளில் யாரும் இல்லாதபோது போய், ஒவ்வொரு விளக்காகப் பசையை உரித்தாள். செத்துப்போனவற்றை மாற்றினாள். மூட்டம் வருவது நின்றது. கூடத்தில் வெளிச்சம் நிலைத்தது. புது ஒயரிங்காரரின் கை ராசியான கை என்று பேசிக்கொண்டார்கள்.

"ஏணி அண்ணன்கிட்ட சொல்லணுமே அத்தை" என்றேன்.

"சொல்லணும். அவனக் கூப்பிட்டு, முதலாளி முன்னாடி நிக்கவெச்சு, தப்பு என்னுதுன்னு சொல்லணும். அதான் மொறை."

சொல்லவில்லை. தள்ளிப்போட்டாள். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, அதை அவளே ஒத்துக்கொண்டாள். ஆனால் அவளைக் கட்டிப்போட்டது அது மட்டும் இல்லை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தானாகச் சொன்னாள்:

"நான் போய் சொன்னா அவர் என்ன நெனைப்பார் தெரியுமா? ஏணிகிட்ட ஏதோ வாங்கிட்டு, அவன உள்ள கொண்டுவரக் கதை கட்டறேன்னு நெனைப்பார்."

"அவர் ஏன் அப்படி நினைக்கணும்?"

"நான் அவர் இடத்துல இருந்தா அப்படித்தான் நெனைப்பேன்."

எனக்கு வேறு வேலை கிடைத்துக் கூடத்தை விட்டு வந்தேன். அத்தை ஓய்வு பெற்ற அன்று அப்பா பார்த்துவிட்டு வந்து சொன்னார். முதலாளி பேசும்போது, ஸ்டோரம்மா தேடித்தேடி வாங்கிப்போட்ட விளக்குகள் இன்றும் எரிகின்றன என்று மேலே கைகாட்டினாராம். எல்லோரும் கைதட்டினார்களாம். அத்தை எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம். அடுத்த வருடம் இதயக் கோளாறு வந்து இறந்துபோனாள்.

ஏணியை நான் மறுபடி பார்த்தது என் அலுவலகத்தில். நடைபாதையில் ஆமை விளக்கு மாட்ட வந்திருந்தார். முனகல் இல்லை. வயர் நுழையும் இடத்தில் இருக்கிற மரையை முறுக்கிக்கொண்டே போனார். போதும் என்று எனக்கே தோன்றிய பிறகும் முறுக்கினார். பிளாஸ்டிக் விரிசல் விடுகிற சத்தம் கேட்டது. அதைக் கழற்றி வீசிவிட்டு இன்னொன்றை எடுத்தார். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீயா? அக்கா எப்படி இருக்காங்க?"

"போயிட்டாங்க அண்ணே. போன வருஷம்."

திருப்புளியைக் கீழே வைத்தார். "நல்ல பொருள் பாத்து வாங்கற ஆளு" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்த லைட்டெல்லாம் இன்னும் எரியுதா?" என்று கேட்டார்.

"எரியுது."

"அப்ப என் கைதான் சரியில்ல. நான்கூட அக்கா வேணும்னே சொல்றாங்களோன்னு கொஞ்ச நாள் நெனச்சேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். துளை, பசை, மாடிப்படி, உரித்தது. அவர் ஏணியின் அடிப்படியில் உட்கார்ந்து குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இது முதலாளிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவர்தானே நாலு எடத்துல சொன்னாரு, என் கையில தண்ணி ஏறும்னு. அக்கா அவர்கிட்ட சொல்லியிருந்தா போதும். எங்கிட்டகூட வேண்டாம்."

நான் முதலாளியைப் போய்ப் பார்த்தேன். நின்றபடியே முழுக்கச் சொன்னேன். அவர் மேலே எரிகிற விளக்கை ஒரு முறை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், நான் உண்மையைச் சொல்கிறேனா என்பதைவிட ஏன் சொல்கிறேன் என்று தேடுகிற பார்வை.

"ஏணி அனுப்பினானா உன்னை?"

"இல்ல சார். நானாத்தான் வந்தேன்."

"அந்தம்மா இத்தனை வருஷம் எம்முன்னாடிதானே இருந்தாங்க. அவங்க வாயால ஒரு வார்த்தை வரலையேம்மா. நீ படிச்ச பொண்ணு, அவங்க இல்லாதப்ப வந்து சொல்ற. நான் எதை நம்பறது?"

அத்தை இருந்து சொல்லியிருந்தால் நம்பியிருப்பீர்களா என்று கேட்க நினைத்தேன். நம்பியிருப்பார் என்றுதான் தோன்றியது. இஸ்திரிப் பகுதியைத் தாண்டி வெளியே வந்தேன். ஏணி அண்ணனுக்கு அத்தை கொடுக்க வேண்டிய அந்த ஒரு வார்த்தையை என்னால் வாங்கிக்கொடுக்க முடியவில்லை.